மிச்சம் பிடித்து வைக்கும் பெட்டி

என் அக்கா எழில்மொழியைப் பற்றிக் குடவாசல் பக்கம் கேட்டுப் பாருங்கள். "யாரு, ரெத்தினம் மில்லு நெல்ல நாறடிச்ச புள்ளயா?" என்பார்கள். கேட்ட மாத்திரத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அப்படிச் சொன்ன மூன்று பேரோடு நான் இன்றுவரை பேசுவதில்லை. அதில் ஒருவர் எங்கள் தலைமையாசிரியர் என்பதால் கொஞ்சம் சிரமப்படுகிறேன், அவ்வளவுதான். என் பெயர் பரிதி. உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வாத்தியார். நெல் நாறியது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. யாரால் நாறியது என்பதில்தான் ஊருக்கும் எனக்கும் தகராறு.

அக்கா எனக்கு நாலு வயது மூத்தவள், எழுபத்தொன்பதில் பிறந்தவள். அப்பா அரசப்பனும் அம்மா அம்சமும் வயல் வேலை செய்தவர்கள். பள்ளிக்கு லீவு விட்டால் அக்கா அம்மாவோடு நாற்றுப் பறிக்கப் போவாள். சின்னப் பெண் என்று அரைக் கூலிதான் கொடுப்பார்கள். ஆனால் நாற்று முடி மட்டும் பெரியவர்களுக்குச் சமமாக வந்து விழவேண்டும். இந்த நியாயம் அவளுக்குப் பத்து வயதிலேயே விளங்கவில்லை, வரப்பில் நின்று கேட்டுவிட்டாள். மறுநாள் அம்மாவுக்கும் சேர்த்து வேலை இல்லை. அவளுக்கு வாய் அப்படி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் எடுத்தபோது வகுப்பிலேயே ஒரே பெண் அவள்தான். கரண்டுக் கம்பத்தில் ஏறப் போகிறாயா என்று தெருவே கேலி பேசியது. ஏறினால் முதலில் உங்கள் வீட்டு ஃபியூஸைத்தான் பிடுங்குவேன் என்று திருப்பிக் கொடுத்தாள்.

அது வெளிநாட்டுக் கம்பெனிகள் சென்னைக்கு வெளியே வரிசையாக வந்து இறங்கிய காலம். இங்கே ஆற்றில் தண்ணீர் வருவதும் வராததும் பக்கத்து மாநிலத்தின் கையில் இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக ஏறிப் போனார்கள். படித்தவன், படிக்காதவன், பாஸ்போர்ட் உள்ளவன், இல்லாதவன், எல்லோரும் போனார்கள். அக்கா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி செய்கிற கம்பெனி. அந்தப் பெட்டிக்கு டிரைவ் என்று பெயர். ஒரே அறையில் ஒன்பது பெண்கள், ஷிப்ட் மாற்றிப் படுப்பார்கள். முதலில் திருகாணி முடுக்கினாள். ஐந்தாம் வருஷம் பெட்டியை எடுத்துக்கொண்டு குஜராத்துக்குத் தனியாகப் போய் ஒரு பேப்பர் மில்லில் மாட்டி ஓட்டிவிட்டு வந்தாள். அங்கே அவளை மேடம் என்று கூப்பிட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பன்னிரண்டு வருஷம் அப்படி ஓடியது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு தீபாவளிக்கு வந்தவள், போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். காரணம் அப்பா வேலை செய்த மில்தான். வயல் வேலை படுத்த பிறகு அப்பா ரெத்தினத்தின் அரிசி மில்லில் சேர்ந்திருந்தார். அவித்த நெல்லை உலர்த்தும் பகுதியில் அவருக்கு வேலை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன அக்கா அந்தப் பகுதியில் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து திட்ட ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். சூடான காற்றை நெல்லுக்குள் ஊதுவதற்கு அங்கே முப்பது எச்.பி. மோட்டார் ஒன்று இருந்தது. ஸ்விட்சைப் போட்டால் முழு வேகம், அணைத்தால் நிற்கும், நடுவில் ஒன்றும் கிடையாது. காற்று அதிகமாகப் போனால் நெல் சுருக்கக் காய்ந்து, அரைக்கும்போது அரிசி நொறுங்கும். அதனால் காற்று போகிற குழாயில் ஒரு தகட்டை வைத்துப் பாதி அடைத்திருந்தார்கள். சைக்கிளை மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே பிரேக்கையும் பிடிக்கிற வேலை இது என்றாள் அக்கா. தகட்டை எடுத்துப் போட்டுவிட்டு மோட்டாரின் வேகத்தைக் குறைத்தால் போதும். காற்றாடிக்கு ஒரு குணம் உண்டு, வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் அது இழுக்கும் கரண்டு ஏறக்குறையப் பாதியாகிவிடும். நான் நம்பவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் பள்ளிக்கூட டைரியிலேயே கணக்குப் போட்டுக் காட்டினாள். தமிழ் வாத்தியாருக்கு இது ஏறாது என்று தலையில் ஒரு தட்டும் தட்டினாள்.

அவள் கணக்கு இன்னும் ஒன்று இருந்தது. டெல்டா முழுக்க எத்தனை மில், எத்தனை ஐஸ் பாக்டரி! எல்லா இடத்திலும் தகடுதான், பிரேக்குதான். பெட்டியை வாங்கி மாட்டிக் கொடுத்துப் பராமரித்தால் ஊரிலேயே பிழைத்துக்கொள்ளலாம். சித்திரை வரை இடம் வைத்திருப்பதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் நாலு மில் பிடிபட்டால் இங்கே இருப்பது, இல்லையென்றால் மூட்டையைக் கட்டுவது. திருவையாற்றுப் பக்கம் ஒரு மில்லிலும் குடவாசலில் இரண்டிலும் பேசினாள். மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: மொதல்ல ரெத்தினம் மில்லுல ஓடட்டும், பாப்போம்.

ரெத்தினம் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். என் வகுப்பில் அவர் பேத்தி படித்தாள். என்னைக் கண்டால், "வாங்க சார், ஒக்காருங்க" என்பார். அக்காவைக் கண்டால், "என்னா புள்ள, என்னைக்கு வந்த?" என்பார். அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அக்கா சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டவர், வாயால் சொன்னால் தனக்கு விளங்காது, எழுதிக் கொடுத்தால் நாலு பேரிடம் காட்டிக் கேட்பேன் என்றுவிட்டார். அதில் ஒன்றும் தப்பில்லை.

அக்காவே எழுதியிருப்பாள். நான்தான் விடவில்லை. உன் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், நான் எழுதித் தருகிறேன், கையெழுத்தை மட்டும் போடு என்றேன். ஏழெட்டு வருஷமாகத் திருக்குறளை அழகாக எழுதிப் போர்டில் மாட்டுகிற திமிர் எனக்கு. உட்கார்ந்து எழுதினேன். "இது ஒரு வகை இன்வெர்ட்டர். மின்சாரத்தை மிச்சம் பிடித்து வைக்கும். மில்லின் மின்சாரக் கவலை இனித் தீரும்."

அக்கா படித்துப் பார்த்தாள். இன்வெர்ட்டர் என்று போடாதே, டிரைவ் என்று போடு என்றாள். பெட்டியின் மேலேயே இங்கிலீஷில் இன்வெர்ட்டர் என்றுதானே இருக்கிறது என்று நான் வாதம் செய்தேன். பெட்டிக்குள் நடக்கிற வேலைக்கு அந்தப் பெயர் உண்டு, ஆனால் இங்கே அந்தப் பெயர் வேண்டாம் என்றாள். டிரைவ் என்றால் கார் ஓட்டுவது என்று நினைப்பார் என்றேன். கடைசி வரியையும் அடிக்கச் சொன்னாள். அதுதான் வாக்கியத்துக்கு முடிப்பு, அதை அடித்தால் மொட்டையாக இருக்கும் என்றேன். அவளுக்குத் திருவையாறு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "என்னமோ போ" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

அந்த வருஷம் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கரண்டு எப்போது வரும் என்று பார்த்து மாவு அரைத்தோம், குளித்தோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் இருக்காது, பதினான்கு மணி நேரம் இருக்காது. வசதி உள்ள வீடுகளில் எல்லாம் ஒரு இன்வெர்ட்டர் வந்து உட்கார்ந்திருந்தது. கரண்டு இருக்கும்போது பேட்டரியில் பிடித்து வைத்துக்கொள்ளும், போன பிறகு ஃபேனை ஓட்டும். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் அது ஒன்றுதான் அர்த்தம். மிச்சம் என்ற சொல்லும் அப்படித்தான். வயல் மோட்டாருக்கு இலவசக் கரண்டு வாங்குகிற ஊரில், குறைவாகச் செலவழிப்பதற்குப் பெயர் மிச்சம் என்று யார் நினைப்பார்கள்? மிச்சம் என்றால் சட்டியில் தங்குவது. தங்கினதைத் தண்ணீர் ஊற்றி வைப்போம், நாளைக்கு ஆகும். நான் வேறு "பிடித்து வைக்கும்" என்று அழகுபடுத்தி எழுதிவிட்டேன். ரெத்தினம் என்ன நினைப்பார்? கரண்டு இருக்கும்போது இந்தப் பெட்டி பிடித்து வைத்துக்கொண்டு, போன பிறகு மோட்டாரை ஓட்டும் என்று நினைத்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

சம்பா அறுவடை முடிந்து நெல் வந்து குவிகிற தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பெட்டியை மாட்டினாள். தகட்டை எடுத்துப் போட்டார்கள். மணிக்குப் பதினேழு யூனிட் தின்றுகொண்டிருந்த மோட்டார் பத்து யூனிட்டில் நின்றது. நெல் எப்போதும் போலக் காய்ந்தது. மீட்டரைப் பார்த்து ரெத்தினமே அசந்துபோய் அக்காவுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொன்னாராம். பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தவள் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இனிமேல் நான் எங்கேயும் போகப் போவதில்லை, தினமும் உன் குழம்பைத்தான் குறை சொல்லப் போகிறேன் என்றாள்.

நான் மதியம் பள்ளியிலிருந்து சாப்பிட வரும்போது, மெயின் ரோட்டில் ஒரு லாரியில் ரெத்தினம் மில்லின் ஜெனரேட்டர் போனது. பின்னாலேயே அவர் கார். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடத்துகிற மண்டபக்காரர் ஒருவர் ரொம்ப நாளாக அந்த ஜெனரேட்டரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் போகிறதாக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. அதுதான் நான்.

இரண்டு மணிக்குக் கரண்டு போனது. மோட்டார் நின்றது, பெட்டியும் இருண்டது. மூன்று மணிக்கு அப்பா போன் செய்தார். அக்கா ஓடினாள். பெட்டியைப் போடு என்றார்கள் மில் ஆட்கள். கரண்டு இல்லாமல் இது எப்படி ஓடும் என்று கேட்டவளை, விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார்களாம். ஜெனரேட்டர் எங்கே என்று அவள் கேட்டபோதுதான் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. உலர்த்தியில் எட்டு டன் அவித்த நெல், ஈரமும் சூடுமாக. கொடுத்த ஜெனரேட்டர் அன்றைக்குத் திரும்பி வருவதாக இல்லை, அக்கா தெரிந்த மில்லுக்கெல்லாம் போன் போட்டாள். அறுவடைக் காலத்தில் எவன் ஜெனரேட்டரை வாடகைக்குக் கொடுப்பான்? நெல் காயப்போடும் களத்தை இடித்துத்தான் உலர்த்தியே கட்டியிருந்தார்கள். அதனால் அவளும் அப்பாவும் மற்றவர்களும் நெல்லை வாரிக் கொண்டுபோய் ரோட்டோரத்தில் பரப்பினார்கள். பொழுது சாய்ந்ததும் பனி இறங்கியது. அன்றைக்கென்று லைனில் கோளாறு வேறு. கரண்டு மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் மில்லைத் தாண்டிப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பாதிகூடத் தேறவில்லை.

பத்து மணிக்கு ரெத்தினம் கூப்பிட்டனுப்பினார். அக்கா போனாள். நானும் கூடப் போனேன். ஆபீஸ் அறையில் அப்பா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். இரவெல்லாம் மண்வெட்டி பிடித்ததில் கை கொப்புளித்திருந்தது. ரெத்தினம் என்னைப் பார்த்ததும், "வாங்க சார், ஒக்காருங்க" என்றார். எதிரே ஒரு நாற்காலிதான் இருந்தது. மேஜை டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்து என் கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். மூன்று வரிதான். என் தமிழை என் வாயால் படித்தபோது அது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்கே கேட்டது. கீழே அக்காவின் கையெழுத்து, கோழி கிளறிய மாதிரி.

அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை, கத்தவில்லை. கரண்டைப் பிடித்து வைக்கும் என்று எழுதிக் கொடுத்ததை நம்பித்தானே ஜெனரேட்டரைக் கொடுத்தேன், படித்த பெண் இப்படி ஏமாற்றலாமா என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். பேச்சு பூராவும் அப்பாவைப் பார்த்துத்தான். அக்கா பக்கத்திலேயே இருப்பது அவர் கண்ணுக்குப் படவேயில்லை. அக்கா மட்டும் ஒரு தடவை, "மீட்டரப் பாருங்க சார். நான் சொன்னது மீட்டர்ல இருக்கு" என்றாள்.

சொல்லிவிட்டேன். "சார், இந்த வார்த்தையெல்லாம் நான் போட்டது. இன்வெர்ட்டர்னு போடாதன்னு அக்கா சொன்னாங்க. நான்தான் கேக்கல. தப்பு என்னுது."

ரெத்தினம் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார், அதுதான் இன்றைக்கும் பொறுக்கவில்லை. "அக்கா மேல பாசம், சொல்றீங்க. எழுத்துல என்ன சார் தப்பு? முத்து முத்தா இருக்கு. சொன்னவ சரியாச் சொல்லல, நீங்க எழுதியிருக்கீங்க. வாத்தியாரு நீங்க தப்பா எழுதுவீங்களா?"

நான் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். டீ வந்தது. ஒரு டம்ளர். எனக்கு. வாங்கிக் குடித்தேன். ஆமாம், குடித்தேன். இதை எழுதும்போதுகூட என் கையை நானே உடைத்துப் போடலாம் போலிருக்கிறது.

அந்த நேரம் பக்கத்துக் கொட்டகையில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. கரண்டு இருந்தது அல்லவா, புது நெல்லைப் போட்டுவிட்டார்கள். பெட்டி வழியாகத்தான் ஓடியது. அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் பெட்டியைக் கழற்றிக்கொள்ளட்டுமா, பழையபடி நேர் லைன் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டாள்.

ரெத்தினம் அதையும் அப்பாவிடமே சொன்னார்.

"பொட்டி இருக்கட்டும் அரசப்பா. அது நல்லாத்தான் ஓடுது, கரண்டும் கொறையுது. ஒன் மேலயும் எனக்கு ஒண்ணுமில்ல, நீ வேலைக்கு வா. இந்தப் புள்ள மட்டும் இனிமே மில்லுக்குள்ள வரக்கூடாது. வந்தா நீதான் தடுக்கணும்."

அப்பா "சரிங்க மொதலாளி" என்றார்.

பொட்டி இருக்கட்டுமாம்! அவள் மூளை வேண்டும், அவள் பன்னிரண்டு வருஷத்து வேலை வேண்டும், மணிக்கு ஏழு யூனிட் குறையவேண்டும், அவள் மட்டும் வேண்டாம். அன்று சாயங்காலத்துக்குள் குடவாசல் மில் இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. திருவையாற்றுக்காரர் போனையே எடுக்கவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. ஆபீஸிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தோம், அப்பா உள்ளேயே வேலைக்குப் போய்விட்டார். ரோட்டோரத்தில் அவர்கள் பரப்பிய நெல்லை ஆடுகள்கூட முகர்ந்துவிட்டு விலகிப் போயின. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த ஆளைத் திட்டினேன், அப்பாவைத் திட்டினேன், மின்வாரியத்தைத் திட்டினேன். அக்கா அந்த நெல்லையே பார்த்துக்கொண்டு நடந்தாள், அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நான்தான் எழுதுனேன்னு சொன்னேன்லக்கா" என்றேன். "அந்தாளு நம்பலன்னா நான் என்ன பண்றது?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் செருப்பு முழுக்கப் புளித்த நெல் ஒட்டியிருந்தது.

"சொன்ன தம்பி. நானும் அப்பாவும் நிக்கிறோம், நீ ஒக்காந்துக்கிட்டே சொன்ன."

நான் வண்டியை எடுத்தேன். பின்னால் ஏறி உட்கார்ந்தாள். திங்கட்கிழமை காலை கம்பெனிக்குப் போன் போட்டு, சித்திரை வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே வந்துவிடுகிறேன் என்று சொன்னாள்.